இடது இருக்கையில் ஒரு கிளீனர்

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலில் ஒரு கெட்ட செய்தி. இத்தனை காலம் பாடுபட்டு ஓட்டக் கற்றுக்கொண்டீர்கள். இனிமேல் உங்களுக்குச் சம்பளம் தரப்போவது ஓட்டாமல் உட்கார்ந்திருப்பதற்குத்தான். நம் பயிற்சி விமானத்தில் இருப்பது இரண்டே இருக்கை. இடது பக்கம் மாணவர், வலது பக்கம் நாம். விமானத்தை ஏற்றி இறக்கும் பிடியும் கால்மிதியும் இருவர் முன்னாலும் உண்டு. மாணவர் செய்யும் எந்தத் தப்பையும் நாம் கையை நீட்டி அந்த நொடியே சரிசெய்துவிடலாம். அந்தக் கையை எப்போது நீட்டக் கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்குப் பாதி ஆயுள் ஆயிற்று.

என்னை இங்கே பேசக் கூப்பிட்டவர்கள், கிழவன் ஏதாவது புயல், இன்ஜின் கோளாறு என்று வீரக் கதை விடுவான் என்று நினைத்திருப்பார்கள். அதெல்லாம் டீ குடிக்கும்போது கேளுங்கள், கொஞ்சம் மசாலா சேர்த்தே சொல்கிறேன். இப்போது தாரணி என்ற பெண்ணைப் பற்றிச் சொல்லப்போகிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால், சேலத்தில் நடந்தது.

தாரணிக்குச் சேந்தமங்கலம். கொல்லிமலை அடிவாரம். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரே ஒரு லாரி, அதை அவரே ஓட்டினார். எங்கள் பயிற்சிப் பள்ளியில் அவள் சேர்ந்த புதிதில், இந்தப் பெண்தான் அந்தக் கூட்டத்தில் முதலில் சோலோ போவாள் என்று எல்லோரும் சொன்னோம். சோலோ என்றால் வலது இருக்கையைக் காலியாக விட்டுவிட்டு, மாணவர் தனியாக ஏறி, மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, தனியாக இறங்குவது. அதற்குப் பிறகுதான் நம் தொழிலில் ஒருவருக்கு மரியாதை. அவளோடு சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய் வந்து, தலையில் ஒரு வாளித் தண்ணீரை வாங்கிக்கொண்டார்கள். நம் வழக்கம் அது. தாரணி மட்டும் நனையாமலே இருந்தாள்.

அவளுக்கு வழக்கமாகச் சொல்லிக்கொடுத்தவர் ஓர் இளம் பயிற்றுநர். நல்ல பையன், ஆனால் வாய் ஓயாது. குறை, கூட்டு, திருப்பு, இழு என்று தரை தொடும்வரை பேசிக்கொண்டே இருப்பான். அவனோடு போனால் தாரணி பூப்போல இறக்குவாள். தனியாக அனுப்பலாமா என்று சோதிக்கத் தலைமைப் பயிற்றுநர் ஏறினால் எல்லாம் போச்சு. அவரை நாங்கள் சீஃப் என்போம். சோதனையில் அவர் ஒரு வார்த்தை பேச மாட்டார். இரண்டு தடவை ஏறினார். இரண்டு தடவையும் கடைசி நேரத்தில் அவரே பிடியை வாங்கி இறக்க வேண்டியதாயிற்று.

சீஃப் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"அவளுக்குக் கண்ணு அருமையா இருக்குய்யா. கையும் அருமை. ரெண்டுக்கும் நடுவுல ஏதோ ஒயர் அந்திருக்கு. நீ கொஞ்ச நாள் பாரு. மூணாவது தடவையும் இப்படின்னா நான் வீட்டுக்கு அனுப்பிடுவேன். என்னைத் திட்டினாத் திட்டட்டும். இந்தப் புள்ளையத் தனியா மேல அனுப்பிட்டு, கீழ நின்னு வேடிக்கை பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. இறங்கும்போது முடிவெடுக்கத் தெரியாதவரைத் தனியாக அனுப்பினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வெளியே வந்தால் தாரணி கதவுக்குப் பக்கத்திலேயே நிற்கிறாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

"சார், நான் போயிருவனுங்க."

"எங்க, வீட்டுக்கா?"

"மேலங்க."

சிரிக்காமல் சொன்னாள். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துப்போயிற்று.

முதல் நாள் அவளோடு ஏறியபோது நானும் வாயைத் திறக்கவில்லை. கோளாறு எங்கே என்று பார்க்க வேண்டுமே. அவள் கண் பற்றி சீஃப் சொன்னது குறைவு. ஏற்காட்டு மலைப் பக்கம் திரும்பும்போது, "சார், லெஃப்ட்ல பருந்துங்க" என்றாள். எனக்கு அது புள்ளியாகக்கூடத் தெரியவில்லை. "சார், மேட்டூர்ப் பக்கம் மழை எறங்குதுங்க" என்றாள். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன, சரிதான். ஓடுபாதைக்கு நேராகத் திரும்பி இறங்க ஆரம்பித்தோம். "சார், ஹைட்டு ஜாஸ்தியா இருக்குங்க" என்றாள். அதுவும் சரி. சொல்லிவிட்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். விமானம் பாட்டுக்கு உயரத்திலேயே போகிறது. ஓடுபாதை எங்களுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. இவள் அசையவில்லை. கடைசியில் நான்தான் பிடியை வாங்கி மறுபடி மேலே ஏற்றினேன்.

தரைக்கு வந்ததும் கேட்டேன். "உயரமா இருக்கோம்னு உனக்கே தெரிஞ்சுதே. ஏன் பவரைக் குறைக்கல?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "சொன்னனுங்களே சார்!"

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? பயமா என்றால், பயமில்லை. சோம்பலா என்றால், மற்ற பிள்ளைகள் பல் தேய்க்கும் முன்னாலேயே இவள் விமானம் நிறுத்தும் ஹேங்கருக்கு வந்து, நிற்கும் விமானத்தில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு அசைவையும் ஒத்திகை பார்ப்பாள். திட்டிப் பார்த்தேன். தட்டிக்கொடுத்துப் பார்த்தேன். பாடத்தை முதலிலிருந்து நடத்தினேன், அதை அவள் எனக்கே திருப்பி நடத்தினாள். மேலே போனால் மறுபடி அதே கதை. பார்ப்பாள், சொல்வாள், சும்மா இருப்பாள். நாட்கள் போய்க்கொண்டிருந்தன. சரி, சில பேருக்கு இது வராதுதான் போலிருக்கிறது என்று என் மனசு மெல்ல மெல்ல மூட்டை கட்ட ஆரம்பித்தது. அந்த மூட்டையை மட்டும் அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். "இவருக்கு வராது" என்று எழுதும் முன்னால், எது வரவில்லை என்று சொல்ல முடிகிறதா பாருங்கள். அது முடியவில்லை என்றால் நீங்கள் இன்னும் வேலையை முடிக்கவில்லை என்று அர்த்தம்.

அந்த வாரக் கடைசியில் அவளுடைய அப்பா வந்தார். மேட்டூர் அனல்மின் நிலையத்தில் சாம்பல் ஏற்றப் போகிற வழியில், மகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போகலாம் என்று, ஓமலூர் ரோட்டிலிருந்து பிரியும் எங்கள் சந்துக்குள் லாரியை விட்டுவிட்டார். ஒரு பக்கம் சுற்றுச்சுவர், மறுபக்கம் சாக்கடை. திருப்ப இடமில்லை. பின்னாலேயேதான் எடுத்துப் போக வேண்டும். நான் வாசல் கேட் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாரணி தூக்குப் போசியைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் லாரிக்குப் பின்னால், இடது பக்கமாக நின்றாள்.

"வரலாம்... வரலாம்... ரைட்டுல ஒடிங்கப்பா... வரலாம்... லெஃப்ட்ல கல்லு இருக்குது... நில்லுங்க!"

அந்த மனிதர் கண்ணாடியை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அவ்வளவு பெரிய வண்டியை மகள் குரலை மட்டும் நம்பிச் சந்திலிருந்து வெளியே எடுத்து நிறுத்தினார். எனக்கு என்னவோ செய்தது. அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். "சார், ஹைட்டு ஜாஸ்தியா இருக்குங்க" என்பாளே, அதே ராகம், அதே சத்தம்.

லாரியருகே போனேன். அப்பா இறங்கி வந்து கும்பிட்டார்.

"ஏனுங்க சார், புள்ள தேறிருவாளுங்களா?"

"அது இருக்கட்டும். நீங்க கிளீனர் வெச்சுக்கலையா?"

"எங்கீங்க கெடைக்கறாங்க? பள்ளிக்கூடம் லீவு உட்டா இவதானுங்க நமக்குக் கிளீனரு. பெங்களூர் வரைக்கும் வருவா. சின்னப் புள்ளைல இருந்து அந்தச் சீட்டு இவுளுதுங்க." இடது பக்கத்து இருக்கையைக் காட்டினார். "இவ கண்ணு மாதிரி ஒரு கண்ணு நாமக்கல்லுல கெடையாதுங்க."

"அப்போ லாரியும் ஓட்டுவாளா?"

"ஐயோ, ஸ்டீரிங்கத் தொட உட்டதில்லீங்க. மொத நாளே சொல்லிப்போட்டனுங்க. பாத்தத ஒருக்காச் சத்தமாச் சொல்லு சாமி, அப்பறம் கம்முனு இரு, கையக் கிய்ய நீட்டாத. ஓட்றவன் பாத்துக்குவான். ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவரு ஆகாதுங்க. அன்னைல இருந்து ஒருநாளு தப்புனதில்லீங்க."

அடக் கடவுளே என்று நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். அவர் பயந்துபோனார்.

உங்களுக்கும் இப்போது புரிந்திருக்கும். நம் ஊர் லாரியில் டிரைவர் வலது பக்கம், கிளீனர் இடது பக்கம். விமானத்தில் ஓட்டுகிறவர் இடது பக்கம். தாரணி விமானத்தில் ஏறியதும், பிறந்து வளர்ந்த இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவள் உடம்பைப் பொறுத்தவரை வலது பக்கம் இருப்பவர்தான் டிரைவர். பார்த்ததைச் சத்தமாகச் சொல்லிவிட்டால் அவள் கடமை முடிந்தது. வாயோயாத பயிற்றுநரோடு அவள் ஒழுங்காக இறக்கினாள் என்றால், டிரைவர் சொன்னதைக் கிளீனர் செய்தாள், அவ்வளவுதான். சீஃபும் நானும் வாயை மூடியதும், அவளும் நல்ல கிளீனராக வாயை மூடிக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தாள்.

அவளிடம் அங்கேயே சொன்னேன். லாரியின் இடது கதவைத் திரும்பிப் பார்த்தாள். "ஆமாங்க சார்" என்றாள். "அய்யோ, ஆமாங்க." முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. ஆனால் அவளுக்குப் புரிந்தால் மட்டும் போதாது. இத்தனை வருடம் ஊறிய உடம்புக்கும் புரிய வேண்டும். அதற்கு அறிவுரை பிரயோசனப்படாது.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். நான் ஓட்டும்போது அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். ஏன் சார் என்று கேட்டால், "இது ரெண்டும் ரொம்ப நல்ல பசங்க, உனக்கு உதவி பண்ண ஓடி வந்துடுவானுங்க" என்பார். மறுநாள் நானும் அப்படியே கைகளின்மேல் உட்கார்ந்தேன். அதோடு இன்னொன்றும் செய்தேன். இறங்கத் திரும்பியதும், அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அண்ணே, ஹைட்டு ஜாஸ்தியா இருக்குதுங்க அண்ணே!"

லாரியில் கிளீனர் டிரைவரைக் கூப்பிடுவது அப்படித்தானே. தாரணி திரும்பிப் பார்த்து, "சார்!" என்று சிரித்துவிட்டாள்.

"சாரு எறங்கிப் போயிட்டாருங்க அண்ணே. நான் கிளீனரு. பாத்ததச் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுக் கம்மென்று இருந்தேன். சிரிப்பு நின்றது. அவள் காத்திருந்தாள், நானும் காத்திருந்தேன். ஓடுபாதை கீழே வந்துவிட்டது, பாதி போயிற்று. என் கைகள் தொடைக்கு அடியில் துடிக்கின்றன. அப்போதுதான் அவள் பவரை முழுதாகத் தள்ளி விமானத்தை மேலே ஏற்றினாள்.

"என்னங்க சார் பண்றீங்க? கூட்டிட்டுப் போய்க் குழியில தள்ளிருவீங்களாட்ட இருக்குது!"

"சொன்னனுங்களே அண்ணே" என்றேன்.

அந்தப் பதிலைத் தன் காதாலேயே கேட்டதும் அவளுக்கு உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குத் திரும்பினாள். நான் விடவில்லை. காற்று இழுக்குதுங்க அண்ணே, வேகம் குறையுதுங்க அண்ணே என்று ஒவ்வொரு சுற்றிலும் நச்சரித்தேன். அவளும் விடவில்லை. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. போதுமா என்றால், "இன்னொருக்காங்க" என்பாள். முதலில் என் பேச்சுக்குப் பின் ஒரு இடைவெளி இருந்தது. அப்புறம் அது குறைந்தது. அப்புறம், "தெரியுதுங்க, கொறைக்கறேன்" என்று பதில் வந்தது. அடுத்தடுத்த நாட்களில் நான் சொல்வதற்கு முன்பே அவள் கை வேலையை முடித்திருந்தது. ஒருநாள் பக்கக்காற்று கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தது. அவள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது நான் வேண்டுமென்றே, "அண்ணே, அண்ணே" என்று நடுவில் புகுந்தேன்.

"அட இருடா!"

தரை தொட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சார், மன்னிச்சுக்குங்க சார், வாய் தவறி..." என்று கெஞ்சினாள். நான் நேராக சீஃப் அறைக்குப் போய், நாளைக் காலையில் ஏறுங்கள் என்றேன்.

மறுநாள் காலை சீஃப் அவளோடு ஏறினார். வழக்கம்போல ஒரு வார்த்தை பேசவில்லை. சில சுற்றுகள் போனார்கள். பிறகு விமானம் ஓரமாக நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வலது கதவு திறந்து சீஃப் இறங்கினார். காலி இருக்கையின் பெல்ட்டை இறுக்கிக் கட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். என்னிடம் நடந்து வந்து, "போகட்டும்" என்றார்.

ஓடுபாதையின் தொடக்கத்துக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும் நின்றோம். என் கையில் ரேடியோ. அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அதில்தான் சொல்ல வேண்டும். ஒரு ஆள் எடை குறைந்ததால் விமானம் விருட்டென்று எழும்பிப் போயிற்று. எத்தனை பேரை அனுப்பியிருக்கிறேன், இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் பயம்தான். அந்தப் பயம் வராத நாள் வந்தால் நீங்கள் வேறு வேலை பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் சுற்றி வந்து, ஓடுபாதைக்கு நேராகத் திரும்பி இறங்க ஆரம்பித்தாள். உயரம் சரி, வேகம் சரி. அப்போதுதான் எங்களுக்கு எதிரே, புல்லோரத்துப் புதரிலிருந்து மயில்கள் வெளியே வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, கல்யாண வீட்டுக்குப் போவதுபோல நிதானமாக நடந்து ஓடுபாதையில் ஏறி நின்றுவிட்டன. கட்டுப்பாட்டு டவர் மைதானத்தின் மறுகோடியில் இருக்கிறது. அங்கிருந்து அந்த மூலை தெரியாது. ஒரு மயில் முன்விசிறியில் அடித்தால் அந்தச் சின்ன விமானம் தாங்காது.

"யோவ், மயிலு! சொல்லுய்யா!" என்று சீஃப் என் கையைப் பிடித்தார்.

நான் ரேடியோவை அவருக்கு எட்டாமல் தள்ளிப் பிடித்தேன். பொத்தானின்மேல் கட்டைவிரல் இருந்தது. அவள் இறங்கி வரும் வழியில், சுற்றுச்சுவருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பு உண்டு. அதைத் தாண்டுவதற்குள் சொன்னால் அவள் பத்திரமாக மேலே ஏற நேரம் இருக்கிறது. அதனால் தோப்புவரை முடிவு அவளுடையது, தோப்பின் விளிம்பு வந்தால் என்னுடையது என்று மனசுக்குள் கோடு போட்டேன். கோடு போடாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் பொறுமை இல்லை, கொலை. இதை மறக்காதீர்கள்.

"தோப்பு வரைக்கும் பாருங்க" என்றேன். விமானம் தோப்பை நெருங்கியது. நான் பயந்தேன். வெளியில் சொல்ல வெட்கமில்லை.

தோப்புக்கு முன்பே இன்ஜின் உறுமியது. மூக்கு நிமிர்ந்தது. ரேடியோவில் அவள் குரல் வந்தது. மறுபடி சுற்றி வருகிறேன், ஓடுபாதையில் மயில்கள் என்று டவருக்குச் சொன்னாள். தகவல் சொல்கிற குரல். யாருடைய பதிலுக்கும் அது காத்திருக்கவில்லை. எங்கள் தலைக்குமேல் அவள் ஏறிப் போனதும், சீஃப் தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டு, "ஓய், ஓய், போ, போ" என்று மயில்களைத் துரத்த ஓடினார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இரண்டாம் சுற்றில் இறங்கினாள். ஒரு சின்னக் குதி குதித்துத்தான் நின்றது. பூப்போல எல்லாம் இல்லை. ஆனால் அந்தக் குதியும் அவளுடையது, அதைச் சமாளித்ததும் அவளே.

விமானத்தை நிறுத்தி இன்ஜினை அணைத்தாள். மற்ற பிள்ளைகள் வாளியோடு ஓடினார்கள். அவள் கையைக் காட்டி அவர்களை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்தாள். முகம் ஜிவுஜிவு என்று சிவந்திருந்தது. சந்தோஷத்தில் அழப்போகிறாள் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவள் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை.

"சார், நீங்க மயிலப் பாத்தீங்களா, இல்லீங்களா?"

"பாத்தேன்."

"எப்பப் பாத்தீங்க?"

"உனக்குக் கொஞ்சம் முன்னாடியே."

"பாத்துப்போட்டுமா சொல்லாம நின்னீங்க?"

நீயே முடிவெடுக்கிறாயா என்று பார்க்கத்தான், நான் சொன்னால் மறுபடி என்னையே எதிர்பார்ப்பாயோ என்று, தோப்புவரை ஒரு கோடு போட்டு... இப்படி ஏதேதோ உளறினேன். அவள் முழுதாகக் கேட்டுக்கொண்டாள். பக்கத்தில் சீஃப் தொப்பியில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அதெல்லாஞ் செரி. இனிமே கண்ணுல பட்டாச் சொல்லிப்போடுங்க சார்" என்றாள் தாரணி. "சொன்னா என்னங்க இப்ப? நீங்க சொல்லீட்டா ஓட்றது நானில்லைன்னு ஆயிருமா?"

அவள் திரும்பி நடந்துபோய், வாளி வைத்திருந்தவர்களிடம் தலையைக் குனிந்து கொடுத்தாள். என் பணிக்காலத்தில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு திட்டுக்கு நான் அப்படிச் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.